த்ரெட் பூல் வச்ச புரோகிராம் பொசுக்குன்னு மூடிக்கிட்டா எங்கன இருந்து தேடணும்

டவுன்ல ரத வீதிப் பக்கம் ஸ்டூடியோ வச்சிருக்க ஒரு அண்ணாச்சிக்கு கல்யாண போட்டோவுல ஆல்பத்துக்கு எடுத்து வைக்கிறதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் குடுத்தேன். ஃபோல்டரத் திறந்தா எல்லா போட்டோவும் சின்னச் சின்னதா வரிசையா வரணும், பொண்ணு வீட்டுக்காரங்க பக்கத்துல உக்காந்து இது வேணும் இது வேண்டாம்னு சொல்லச் சொல்ல டிக் அடிக்கணும், அம்புட்டுதான். எங்க வீட்டுல 50 போட்டோ வச்சி ஓட்டுனப்ப ஒரு குறையும் இல்ல. அங்கன 2,300 போட்டோ உள்ள ஃபோல்டரத் திறந்தோம், பாதி வந்துக்கிட்டு இருக்கும்போதே விண்டோ மறைஞ்சு போச்சு. எர்ரர் மெசேஜ் ஒண்ணும் இல்ல. திரும்பத் திறந்தா ஓடுது, அதுக்கு அடுத்த தடவ திரும்ப மறையுது. அம்பாசமுத்திரத்துல இருந்து பஸ் ஏறி வந்த குடும்பம், பாவம், மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு இன்னொரு நாள் வாரோம்னு போயிட்டாங்க. எனக்கு அது ரொம்ப சங்கடமாப் போச்சு.

அதுக்குப் பொறவு நாலு நாளு இதையேதான் தேடுனேன். அந்த நாலு நாளுல கத்துக்கிட்டத புதுசா இந்தப் பக்கம் வார தம்பி தங்கச்சிங்களுக்காக வரிசையா எழுதுதேன். நான் எழுதுனது பைத்தான்ல க்யூட்டி வச்சி, அதாவது பைக்யூட்டி. க்யூட்டின்னா விண்டோ, பட்டன் எல்லாம் உண்டாக்குறதுக்கான லைப்ரரி. பைத்தான்ல க்யூட்டிய வச்சிக்கிடுறதுக்கு இன்னொரு வழியான பைசைட்லயும், சி பிளஸ் பிளஸ்லயும் எழுதுறவங்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான், எங்க மாறுதோ அங்கன சொல்லுதேன்.

மொதல்ல பந்திக் கணக்கு

நம்ம ஊருல கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போடுவாங்கள்ல, அதை நினைச்சுக்கோங்க. பின்னால அடுப்படியில நாலு பேரு வேல பாக்காங்க, ஒருத்தர் காய் வெட்டுதாரு, ஒருத்தர் தேங்காய்ப்பால் புழியுதாரு, கையில இருக்க வேல முடிஞ்சா அடுத்த வேலய எடுத்துக்கிடுதாங்க. ஆளு ஒவ்வொருத்தரும் ஒரு த்ரெட், அந்த மொத்தக் கூட்டந்தான் த்ரெட் பூல். வேலைக்கு ஒரு ஆளுன்னு புதுசா கூட்டிட்டு வாரதில்ல, இருக்க ஆளுங்களே மாத்தி மாத்திச் செய்வாங்க. பந்தியில பரிமாறுறது மட்டும் ஒரே ஒரு ஆளு, அவருதான் மெயின் த்ரெட். திரையில தெரியுற பட்டன், லேபிள், லிஸ்ட் எல்லாத்தையும் தொடுற உரிமை அவருக்கு மட்டுந்தான். அடுப்படி ஆளுங்க வாசப்படி வரைக்கும் வந்து வாளியக் குடுத்துட்டுத் திரும்பணும், அந்த வாளி கைமாறுறதுதான் சிக்னல். அடுப்படி ஆளு நேரா பந்திக்குள்ள பூந்து இலையில ஊத்த ஆரம்பிச்சா பரிமாறுறவரும் அவரும் முட்டிக்கிடுவாங்க, சில நாளு முட்டாமலும் போகும். முட்டாம போற நாளு இருக்குல்ல, அதாலதான் இந்த கிராஷ் ஒரு தடவ வருது ஒரு தடவ வரல.

க்யூட்டியில இந்த பூலுக்குப் பேரு க்யூத்ரெட்பூல், அதுல போடுற வேலைக்குப் பேரு க்யூரன்னபிள். நீங்க ஒண்ணும் சொல்லலன்னா கம்ப்யூட்டர்ல எத்தன கோர் இருக்கோ அத்தன த்ரெட் வரைக்கும் ஓட்டும், 30 செகண்டு வேல இல்லாம சும்மா இருக்க த்ரெட்டை அனுப்பிரும். இந்த ரெண்டு நம்பரையும் மனசுல வச்சிக்கோங்க. உங்க லேப்டாப்ல 4 கோர், கஸ்டமர் கம்ப்யூட்டர்ல 12 கோர்னா ரெண்டு இடத்துலயும் நடக்குறது ஒண்ணா இருக்காது.

செத்தது எப்படின்னு மொதல்ல பாருங்க

விண்டோ காணாமப் போச்சுன்னா உடனே கோடுக்குள்ள போயி கை வைக்காதீங்க. டெர்மினல்ல இருந்து ஓட்டுங்க, மூடிக்கிட்ட பொறவு எக்ஸிட் கோடு, அதாவது புரோகிராம் முடியும்போது விட்டுட்டுப் போற நம்பர், என்னன்னு பாருங்க. லினக்ஸ்ல எக்கோ $? போதும். 139 வந்தா அது செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்குச் சொந்தமில்லாத இல்லன்னா ஏற்கெனவே அழிஞ்சு போன மெமரியத் தொட்டுருக்கு. 134 வந்தா அபார்ட், புரோகிராமே ‘இதுக்கு மேல ஓட முடியாது’ன்னு தானா நிறுத்தியிருக்கு. 137 வந்தா வெளிய இருந்து கொன்னுருக்காங்க, பெரும்பாலும் மெமரி தீந்து போயி சிஸ்டமே கொன்னுருக்கும். விண்டோஸ்ல 139க்குப் பதிலா -1073741819ன்னு பெரிய நம்பர் வரும், அதுக்குப் பேரு ஆக்ஸஸ் வயலேஷன், ரெண்டும் ஒரே சீக்குதான்.

இதை ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்லுதேன்னா மூணுக்கும் மருந்து வேற வேற. 137க்கு ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் தொடுற மாதிரி பூட்டு போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல. 24 மெகாபிக்சல் போட்டோ ஒண்ண விரிச்சா பிக்சலுக்கு 4 பைட்டு, 96 எம்பி ஆகுது. 8 த்ரெட் ஒரே நேரத்துல விரிச்சா 768 எம்பி. அந்த ஸ்டூடியோ கம்ப்யூட்டர்ல மொத்த ராமே 4 ஜிபி, அதுல ஃபோட்டோஷாப்பும் திறந்து கெடக்கும். இதுக்கு வழி என்னன்னா க்யூட்டியில படம் படிக்கிறதுக்குன்னு இருக்க க்யூஇமேஜ்ரீடர்ல படிக்கும்போதே செட்ஸ்கேல்ட்சைஸ் குடுத்து சின்னதா வாங்கிக்கிடணும், பூலுக்கும் த்ரெட் எண்ணிக்கையக் கொறைக்கணும்.

134 பைக்யூட்டியில அடிக்கடி வரும். க்யூரன்னபிள்ல நம்ம வேலய எழுதி வைக்கிற ரன் ஃபங்ஷனுக்குள்ள சாதாரண பைத்தான் எக்ஸெப்ஷன் ஒண்ணு வந்து யாரும் பிடிக்கலன்னா, 5.5 வெர்ஷன்ல இருந்து பைக்யூட்டி மொத்த புரோகிராமையும் அபார்ட் பண்ணிரும். ஒரு போட்டோ கெட்டுப் போயிருந்தாலே போதும். பைசைட்ல மூடாது, எர்ரரை பிரிண்ட் பண்ணிட்டுப் போயிரும், ஆனா அந்த வேல முடியாமலே போயிரும், புரோகிரஸ் பார் 99லயே நிக்கும், ஏன்னு தெரியாது. அதனால ரன்னுக்குள்ள இருக்க எல்லாத்தையும் ஒரு ட்ரை எக்ஸெப்ட்டுக்குள்ள வச்சி, வந்த எர்ரரோட முழு ட்ரேஸ்பேக்கையும் ஒரு சிக்னல்ல மெயின் த்ரெட்டுக்கு அனுப்புங்க. பிடிச்சிட்டு சும்மா பாஸ்னு விட்டுறாதீங்க, அது சீக்க மூடி வைக்கிறது.

விண்டோ மறையாம அப்படியே வெளுத்துப் போயி நின்னுட்டா அது கிராஷ் இல்ல, தொங்கிருச்சு, அது வேற தேடல்.

நினைச்ச நேரத்துல விழ வைங்க

எனக்கு ரெண்டு நாளு இங்கனதான் போச்சு. எப்பவாவது விழுறத சரி பண்ண முடியாது, சரி ஆயிட்டான்னும் தெரியாது. மொதல்ல அது பத்துக்கு எட்டு தடவையாவது விழணும், அதுக்கு நான் பண்ணுனதச் சொல்லுதேன்.

அண்ணாச்சிகிட்ட அதே ஃபோல்டரை ஹார்டு டிஸ்க்ல காப்பி பண்ணி வாங்கிட்டு வந்தேன். பூல்ல த்ரெட் எண்ணிக்கைய 1ன்னு வச்சி ஓட்டுனேன், பொறவு 32ன்னு வச்சி ஓட்டுனேன். 1 வச்சும் விழுந்தா, வேல பாக்குற த்ரெட்டுக்கும் மெயின் த்ரெட்டுக்கும் நடுவுலதான் சண்டை இருக்க வாய்ப்பு அதிகம். 1ல விழாம 32ல விழுந்தா வேல பாக்குற ஆளுங்களே ஒரே பாத்திரத்துல கை வைக்காங்களான்னு மொதல்ல பாருங்க, ஒரே லிஸ்ட், ஒரே கேஷ் டிக்ஷனரி, ஒரே டேட்டாபேஸ் கனெக்ஷன் இப்படி. இது முடிவான தீர்ப்பு இல்ல, ஆனா பாதி காட்டை வெட்டிப் போட்டாப்ல இருக்கும்.

அடுத்தது தூக்கம். ரன்னுக்குள்ள சிக்னல் அனுப்புறதுக்கு முன்னால 300 மில்லிசெகண்டு ஸ்லீப் போட்டுப் பாருங்க. நடுவுல இருக்க சந்து பெருசாகும், மறைஞ்சு கெடந்த பிழை வெளிய வரும். ஆனா சில பேரு ஸ்லீப் போட்டதும் கிராஷ் நின்னுட்டுன்னு அதையே மருந்துன்னு விட்டுருதாங்க, அது கூடவே கூடாது. ஸ்லீப் தேடுறதுக்கு மட்டுந்தான், தேடி முடிச்சதும் எடுத்துருங்க.

பொறவு அந்த அண்ணாச்சி எப்படி உக்காந்து வேல பாக்காரோ அப்படியே நானும் பாத்தேன். வீட்டுல நான் ஃபோல்டரத் திறந்துட்டு எல்லாம் வந்து முடியுற வரைக்கும் பொறுமையா இருப்பேன். அங்கன அப்படி இல்ல. முகூர்த்தம் ஃபோல்டர் பாதி வந்ததும் பொண்ணோட சித்தி ‘ரிசப்ஷன் மொதல்ல காட்டுங்க’ன்னு சொல்லுதாங்க, அண்ணாச்சி உடனே மாத்துதாரு. நானும் அதே மாதிரி பாதியில மாத்துனேன், மூணாவது தடவையே விழுந்துச்சு. கிராஷ் ரிப்போர்ட் பண்ணுறவங்ககிட்ட ‘என்ன எர்ரர் வந்துச்சு’ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க, ‘அப்ப கையி எங்க இருந்துச்சு, எத அமுக்குனீங்க’ன்னு கேளுங்க.

விழுந்த இடத்தப் படிக்கிறது

பைத்தான்னா ஃபால்ட்ஹேண்ட்லர்னு ஒண்ணு 3.3ல இருந்தே கூடவே வருது. மெயின் ஃபைலோட மொத ரெண்டு வரியில அதை இம்போர்ட் பண்ணி எனேபிள் பண்ணுங்க. செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தா எல்லா த்ரெட்டும் அந்த நேரத்துல எந்த ஃபைல்ல எந்த வரியில நின்னுச்சுன்னு எழுதிட்டுத்தான் சாகும். விண்டோஸ்ல கருப்பு கன்சோல் விண்டோ இல்லாம எக்ஸிஇ ஆக்கிக் குடுத்திருந்தா அதுக்கு எழுத இடமே கெடையாது, எனேபிள் பண்ணுற வரியே எர்ரர் ஆயிரும். அதனால ஒரு லாக் ஃபைலத் திறந்து எனேபிளுக்குள்ள குடுங்க, அந்த ஃபைல் வேரியபிள் புரோகிராம் முடியுற வரைக்கும் உயிரோட இருக்கணும், ஒரு ஃபங்ஷனுக்குள்ள திறந்து விட்டுறாதீங்க.

சி பிளஸ் பிளஸ்னா, இல்ல பைத்தான் வரி பத்தலன்னா ஜிடிபின்னு ஒரு டீபக்கர் இருக்கு. அதுக்குள்ள ஓட்டி விழ வச்சிட்டு ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ன்னு அடிச்சா எல்லா த்ரெட்டோட ஸ்டாக்கும், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு அங்க வந்து நின்னுச்சுங்கிற வரிசை, கொட்டும். புதுசா பாக்குறவங்களுக்கு பயமா இருக்கும், நீளமா வரும். ரெண்டே கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: விழுந்த த்ரெட் மெயினா பூல்ல உள்ளதா? பூல்ல உள்ளதுன்னா அந்த ஸ்டாக்குல விட்ஜெட், பிக்ஸ்மேப், பெயின்ட், டைமர்னு திரை சம்பந்தப்பட்ட பேரு எதாச்சும் இருக்கா? இருந்தா ஆளு அகப்பட்டுட்டான்.

விழுந்த இடம் மெயின் த்ரெட்ல, உங்க கோடு ஒரு வரி கூட இல்லாம, க்யூட்டிக்குள்ளயே பெயின்ட் பண்ணுற இடத்துல இருந்தா? எனக்கு அப்படித்தான் காட்டுச்சு. ‘க்யூட்டியிலதான் பிழை’ன்னு நினைச்சு வெர்ஷன் மாத்தி மாத்திப் பாத்து ஒரு ராத்திரி வீணாச்சு. மெமரியக் கெடுத்தவன் அப்பவே போயிருப்பான், பொறவு அந்த வழியா நடந்து வந்தவந்தான் குழியில விழுவான். ஸ்டாக்கு காட்டுறது விழுந்தவன, குழி வெட்டுனவன இல்ல. குழி வெட்டுனவனப் பிடிக்க ரெண்டு வழி உண்டு.

ஒண்ணு, க்யூட்டியோட எச்சரிக்கைகள். ‘வேற த்ரெட்ல இருக்க பேரன்ட்டுக்குப் பிள்ளை உண்டாக்க முடியாது’, ‘டைமரை இன்னொரு த்ரெட்ல இருந்து தொடங்க முடியாது’ன்னு கன்சோல்ல சின்னதா வந்துட்டுப் போகும், நாம வார்னிங்தானேன்னு கண்டுக்கிட மாட்டோம். க்யூட்டி_ஃபேட்டல்_வார்னிங்ஸ் அப்படிங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 1ன்னு வச்சி ஓட்டுங்க, மொத எச்சரிக்கையிலயே அங்கனயே நிறுத்திரும். குத்தம் நடக்குற அதே நொடியில ஸ்டாக்கு கெடைக்கும்.

ரெண்டு, சி பிளஸ் பிளஸ்காரங்களுக்கு சானிடைசர், பில்ட் பண்ணும்போதே சேத்துக்கிடுற சோதனைக் கருவி. அட்ரஸ் சானிடைசர் அழிஞ்ச மெமரியத் தொட்ட இடத்தையும் அதை அழிச்ச இடத்தையும் சேத்தே காட்டும், வேகம் ஏறக்குறைய பாதியாகும். த்ரெட் சானிடைசர் ரெண்டு த்ரெட் பூட்டு போடாம ஒரே இடத்தத் தொடுறதக் காட்டும், அது 5ல இருந்து 15 மடங்கு மெதுவாக்கும், அதனால சின்ன ஃபோல்டர் வச்சி ஓட்டுங்க. ரெண்டையும் ஒரே பில்டுல சேக்க முடியாது, தனித்தனியா பில்ட் பண்ணணும்.

நான் கண்டுபிடிச்ச ஆளுங்க

மொத ஆளு பிக்ஸ்மேப். ரன்னுக்குள்ள போட்டோவப் படிச்சு க்யூபிக்ஸ்மேப் ஆக்கி சிக்னல்ல அனுப்பியிருந்தேன். க்யூபிக்ஸ்மேப் திரைக்குச் சொந்தமான சாமான், மெயின் த்ரெட்ல மட்டுந்தான் உண்டாக்கணும். சில சிஸ்டத்துல ஓடிரும், அதாலதான் நம்மள ஏமாத்துது. அடுப்படியில க்யூஇமேஜ் மட்டும் வச்சிக்கோங்க, அதை எந்த த்ரெட்லயும் உண்டாக்கலாம். மெயின் த்ரெட்டுக்கு வந்த பொறவு பிக்ஸ்மேப்பா மாத்துங்க. ‘பைத்தான்ல ஜிஐஎல் இருக்கே, ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் பைத்தான் கோடு ஓட்டும்னு இருக்க பூட்டு, அது காப்பாத்தாதா’ன்னு நிறைய பேரு கேக்காங்க. காப்பாத்தாது. அது பைத்தானோட சொந்தச் சாமானுக்குத்தான் காவல், க்யூட்டிக்குள்ள சி பிளஸ் பிளஸ்ல நடக்குறதுக்கு இல்ல.

ரெண்டாவது ஆளுதான் பெரிய ஆளு, அந்த ரிசப்ஷன் ஃபோல்டர் கிராஷ். ஒவ்வொரு வேலைக்குள்ளயும் எந்த லேபிள்ல போட்டோ வைக்கணுமோ அந்த லேபிளையே குடுத்து அனுப்பியிருந்தேன். ஃபோல்டர் மாத்துனதும் பழைய லேபிள் எல்லாம் அழிஞ்சிரும், ஆனா பழைய வேல இன்னும் அடுப்படியில வெந்துக்கிட்டு இருக்கும், வெந்து முடிச்சு வந்து இல்லாத லேபிளத் தொடும். பந்தியில சாப்ட்டு முடிச்சு இலைய மூடி எந்திரிச்சுப் போன ஆளு எடத்துல சொதி ஊத்துன மாதிரி. பைக்யூட்டியில அதிர்ஷ்டம் இருந்தா ‘இந்த சி பிளஸ் பிளஸ் ஆப்ஜெக்ட் அழிஞ்சு போச்சு’ன்னு ஒரு ரன்டைம் எர்ரரோட தப்பிக்கலாம், இல்லன்னா 139.

இதுக்கு நான் பண்ணுனது இதுதான். வேலைக்குள்ள விட்ஜெட்டையே அனுப்பாம, ஃபைல் எங்க இருக்குங்கிற பாதையும், ஃபோல்டர் திறந்தது எத்தனாவது தடவைங்கிற நம்பரும் மட்டும் அனுப்புனேன். ஃபோல்டர் மாறுனா அந்த நம்பர் ஒண்ணு கூடும். ரிசல்ட் மெயின் த்ரெட்டுக்கு வரும்போது அதோட நம்பரும் இப்ப உள்ள நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் லேபிளத் தேடி வைக்கும், இல்லன்னா தூக்கிப் போட்டுரும். கூடவே ஃபோல்டர் மாத்தும்போது பூல்ல கிளியர் கூப்பிடுவேன், இன்னும் தொடங்காத வேல எல்லாம் போயிரும். ஒண்ணு ஞாபகம் வைங்க, ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கத கிளியர் நிறுத்தாது. அதை நிறுத்தணும்னா நீங்களே ஒரு நிறுத்துக் கொடி வச்சி, ரன்னுக்குள்ள நடுவுல நடுவுல அதைப் பாத்துக்கிட்டே போகணும்.

மூணாவது, ஆட்டோடிலீட். க்யூரன்னபிள் வேல முடிஞ்சதும் பூலே அதை அழிச்சிரும், அதுதான் வழக்கம். நீங்க அதை ஒரு வேரியபிள்ல வச்சிருந்து பொறவு தொட்டாலோ திரும்ப பூல்ல போட்டாலோ விழும். திரும்பத் தொடணும்னா செட்ஆட்டோடிலீட்ல ஃபால்ஸ் குடுத்துட்டு நீங்களே ஒரு லிஸ்ட்ல வச்சிப் பாத்துக்கோங்க. இன்னொண்ணு, க்யூரன்னபிளுக்கு சிக்னல் கெடையாது, அதனால எல்லாரும் தனியா ஒரு சிக்னல் கிளாஸ் எழுதி ரன்னபிளுக்குள்ள வைக்காங்க. ரன்னபிள் பூல் த்ரெட்ல அழியும்போது மெயின் த்ரெட்டுக்குச் சொந்தமான அந்த சிக்னல் ஆப்ஜெக்ட்டும் அங்கனயே அழியும், க்யூட்டி அப்படி அழிக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது. நான் மெயின் விண்டோவுல ஒரே ஒரு சிக்னல் ஆப்ஜெக்ட் வச்சி எல்லா வேலைக்கும் அதையே குடுத்துட்டேன், 2,300 ஆப்ஜெக்ட் உண்டாக்கி அழிக்கிற வேலையும் மிச்சம்.

சி பிளஸ் பிளஸ்ல லாம்ப்டாவோட கனெக்ட் பண்ணுறவங்க ஒண்ணு பாக்கணும். சிக்னல், அனுப்புறவரு, லாம்ப்டா இந்த மூணு மட்டும் குடுத்தா அந்த லாம்ப்டா சிக்னல் எந்த த்ரெட்ல இருந்து கெளம்புச்சோ அங்கனயே ஓடும், அதாவது அடுப்படியிலயே. நடுவுல வாங்குற ஆப்ஜெக்ட்டையும் சேத்துக் குடுங்க, அப்பத்தான் வரிசையில நின்னு மெயின் த்ரெட்டுக்கு வரும், அந்த ஆப்ஜெக்ட் அழிஞ்சா கனெக்ஷனும் தானா போயிரும்.

மூடும்போது விழுறது தனி ரகம். எல்லாம் ஒழுங்கா ஓடும், எக்ஸ் அமுக்குனதும் 139. க்ளோஸ்ஈவென்ட்ல மொதல்ல நிறுத்துக் கொடி, அடுத்து கிளியர், அடுத்து வெயிட்ஃபார்டன், இந்த வரிசையில போடுங்க. ஆனா வேல பாக்குற த்ரெட் மெயின் த்ரெட்கிட்ட பதில் வாங்குற வரைக்கும் நிக்கிற மாதிரி பிளாக்கிங் கனெக்ஷன் வச்சிருந்தா ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துக்கிட்டே நிப்பாங்க, மூடவே மூடாது.

எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் வச்சிருந்தா த்ரெட்டுக்கு ஒரு கனெக்ஷன், பகிரக் கூடாது. பைத்தான் அதுவே எர்ரர் குடுத்துச் சொல்லிரும், அதை அடக்க செக்_சேம்_த்ரெட்ட ஃபால்ஸ் ஆக்காதீங்க.

வேற டூல்கிட் வச்சிருக்கவங்களுக்கும் வாசப்படி ஒண்ணு உண்டு, பேருதான் வேற. டிகேயின்டர்ல க்யூவும் ஆஃப்டரும், டபிள்யூஎக்ஸ்ல கால்ஆஃப்டர், ஜாவா ஸ்விங்ல இன்வோக்லேட்டர், வின்ஃபார்ம்ஸ்ல பிகின்இன்வோக், டபிள்யூபிஎஃப்ல டிஸ்பேச்சர்.

சரி ஆயிட்டான்னு எப்படித் தெரியும்

ஒரு தடவ ஓட்டி விழலன்னா ஒண்ணும் அர்த்தம் இல்ல. நான் ஒரு டைமர் வச்சி முகூர்த்தம் ஃபோல்டரத் திறக்க, 700 மில்லிசெகண்டுல ரிசப்ஷனுக்கு மாத்த, திரும்ப மாத்த, மூடன்னு அதுவா பண்ணுற மாதிரி எழுதி ராத்திரி முழுக்க விட்டேன், த்ரெட் 1, 4, 32 மூணு கணக்குலயும் 200 தடவ. பழைய கோடுல இதே சோதன அஞ்சாவது தடவயத் தாண்டல, புதுசுல எல்லாத்துக்கும் எக்ஸிட் கோடு 0. பழைய கோடு விழுதான்னு பாக்க மறந்துறாதீங்க, சோதனையே சரியான சோதனதானான்னு அப்பத்தான் தெரியும். தேடுறதுக்குப் போட்ட ஸ்லீப் எல்லாத்தையும் எடுத்துட்டு இன்னொரு தடவயும் ஓட்டுங்க.

அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல த்ரெட் எண்ணிக்கைய 2ல வச்சிருக்கேன், 4 ஜிபிக்கு அது போதும். ஃபால்ட்ஹேண்ட்லர் லாக் ஃபைல டெஸ்க்டாப்லயே எழுதுற மாதிரி விட்டுருக்கேன், என்னைக்காவது விழுந்தா அந்த ஃபைல வாட்ஸப்ல அனுப்பச் சொல்லியிருக்கேன்.